ட்ரிக்கரையும் எடை போடுங்கள்: லேசான பாயிண்ட் 22 பிஸ்டல் வாங்கும் முன்

முதல் பாயிண்ட் 22 பிஸ்டலை (சுமார் 0.22 அங்குல விட்டமுள்ள சின்னக் குண்டு போடுவது) நான் தராசு பார்த்துத்தான் வாங்கினேன். அதுதான் தப்பு.

டெக்சஸில் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிட தூரத்தில் துப்பாக்கி சுட்டுப் பழக ஓர் உள்ளரங்கு ரேஞ்ச். ஐந்து வருடமாகச் சனிக்கிழமை காலையில் அங்கே இருப்பேன். வேட்டை கிடையாது, போட்டி கிடையாது. காகிதத்தில் ஓட்டை போடுவது, அவ்வளவுதான். சின்ன வயதில் மெரினாவில் பலூன் சுடும் கடை முன்னால் நின்று அப்பாவிடம் "இன்னும் ஒரு தடவை" என்று கெஞ்சிய அதே ஆள், இப்போது ஐம்பத்து மூன்று வயதில், கண்ணில் சோடாபுட்டி, வலது மணிக்கட்டில் கணக்குப்பிள்ளை வேலை கொடுத்த வலி.

ரேஞ்சில் வாடகைக்குக் கிடைத்த எஃகு பிஸ்டல் ஒரு கிலோவுக்கு மேல். முப்பது குண்டு சுட்டதும் கை ஆட ஆரம்பித்துவிடும். லேசாக ஒன்று வேண்டும் என்று கடைக்குப் போய், இருந்ததிலேயே லேசானதை, சுமார் 450 கிராம், வாங்கி வந்தேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். எட்டு மாதத்தில் விற்றுவிட்டேன்.

கை வலிக்கவில்லை. ஆனால் குண்டு எல்லாம் இடது பக்கம் கீழே போய்ப் படிந்தது. ரேஞ்சில் மேற்பார்வை பார்க்கும் பெரியவர், பழைய ராணுவக்காரர், ஒருநாள் ட்ரிக்கர் இழுப்பை அளக்கும் கருவியைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தார். 2.7 கிலோ. துப்பாக்கி அரைக் கிலோகூட இல்லை. அதைச் சுட வைக்க விரல் அதன் எடையைப்போல ஆறு மடங்கு இழுக்க வேண்டும். இழுக்கும்போது துப்பாக்கியே விரலோடு சேர்ந்து திரும்பாமல் என்ன செய்யும்? கனமான பிஸ்டல் தன் கனத்தாலேயே அந்த அசைவை விழுங்கிவிடும். லேசானது விழுங்காது, காகிதத்தில் காட்டிக்கொடுக்கும். ஒலிம்பிக் 25 மீட்டர் போட்டிகளில் இதே பாயிண்ட் 22 பிஸ்டல்தான். 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வாங்கியதும் அதில்தான். அங்கே 1,400 கிராம் வரை எடை அனுமதி. ட்ரிக்கர் ஒரு கிலோவுக்குக் குறையக் கூடாது. அதாவது துப்பாக்கியும் ட்ரிக்கரும் கிட்டத்தட்ட ஒரே எடையில் இருக்க முடியும். பொழுதுபோக்குக்காரர்களுக்கு அந்தச் சொகுசு வாய்க்காது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு விஷயம் முதலிலேயே. எச்-1பி, மாணவர் விசா போன்றவற்றில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவது மட்டுமல்ல, ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடிப்பதுகூடக் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. "பிரெண்டு கூட்டிட்டுப் போனான்" என்பது விதிவிலக்கு இல்லை. குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் போகாதீர்கள். கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால், உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். படிவம் 4473 நிரப்ப வேண்டும். பின்னணிச் சோதனை நடக்கும்.

கடையில் என்ன பார்ப்பது? விற்பவர் எடுத்துக் கொடுக்கும்போதே மேகசினை (பிடிக்குள் குண்டு அடுக்கும் கூடு) கழற்றி, சேம்பர் (சுடும் குண்டு உட்காரும் அறை) காலி என்று திறந்து காட்டுவார். வாங்கியதும் நீங்களும் ஒரு தடவை பாருங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பார்க்காவிட்டால்தான் ஒரு மாதிரி பார்ப்பார். குழல் யார் பக்கமும் திரும்பக் கூடாது. சுடத் தயாராகும் வரை விரல் ட்ரிக்கருக்கு வெளியேதான்.

லேசான பாயிண்ட் 22-இல் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, பெரிய துப்பாக்கியின் குட்டி போல, மேலே ஸ்லைடு (குழலை மூடிய மேல்பாகம்) முழுதும் முன்பின் ஓடுவது: டாரஸ் டிஎக்ஸ்22, ரூகர் எஸ்ஆர்22 இரண்டும் 500 கிராமுக்குச் சற்றுக் கீழே, கிளாக் 44 அதைவிடவும் லேசு. இன்னொன்று, குழல் அசையாமல் நிற்க, உள்ளே போல்ட் என்கிற உலோகக் கட்டை மட்டும் முன்பின் ஓடுவது. ரூகர் மார்க் 4 வரிசையில் 22/45 லைட் இந்த வகை. அலுமினிய உறைக்குள் மெல்லிய எஃகுக் குழல், கீழே பாலிமர் பிடி, சுமார் 700 கிராம். பெயரிலுள்ள 45-க்குக் காரணம் பிடியின் சாய்வு. பழைய அமெரிக்க ராணுவத் துப்பாக்கியான 1911-இன் சாய்வு அதற்கு.

இந்த ஜாதி வித்தியாசம் எனக்கு ஏன் முக்கியம் என்றால், கண். நாற்பதைத் தாண்டியதும் முன் சைட் (குறி பார்க்கக் குழல் நுனியில் இருக்கும் முள்) மங்கும். ரெட் டாட், அதாவது சின்னக் கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கருவி, போட்டால் தீர்ந்தது. அசையாத உறைமேல் போட்ட ரெட் டாட் ஒவ்வொரு குண்டுக்கும் ஸ்லைடோடு குதிக்காது. ஆனால் மணிக்கட்டு வலிக்காரர்களுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது: போல்ட்டின் இரண்டு சின்னக் காதுகளைப் பிடித்து இழுப்பதைவிட அகலமான ஸ்லைடைப் பிடித்து இழுப்பது சுலபம். கடையிலேயே பத்துத் தடவை இழுத்துப் பாருங்கள். முதல் தடவை எல்லோருக்கும் சுலபம்தான். எட்டாவது தடவையில்தான் உண்மை தெரியும்.

மேகசினில் குண்டு ஏற்றுவதையும் கேளுங்கள். பக்கத்தில் பொத்தானோ காதோ இருந்து ஸ்பிரிங்கைக் கீழே இழுக்க முடிந்தால் கட்டைவிரல் பிழைக்கும். ஒரு காலையில் இருநூறு குண்டு ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அடுத்து ட்ரிக்கர். காலியாக இழுத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள், கேட்காமல் செய்யாதீர்கள். பாயிண்ட் 22 ரிம்ஃபயர். தீப்பொறி தரும் கலவை குண்டின் அடி விளிம்புக்குள் இருக்கிறது, ஊசி அந்த விளிம்பைத்தான் அடிக்கும். சேம்பரில் எதுவுமில்லாமல் அடித்தால், சில துப்பாக்கிகளில் ஊசி சேம்பர் வாயிலேயே போய் இடித்துப் பள்ளம் பண்ணிவிடும். டம்மி குண்டு வைத்துத்தான் பல கடைகள் விடும்.

இழுக்கும்போது மூன்றைக் கவனியுங்கள்: ட்ரிக்கர் விடுபட்டு விழும் இடத்துக்கு முன்னால் தயங்கித் தயங்கிப் போகிறதா, எந்த இடத்தில் விழும் என்று இரண்டாம் தடவையே விரலுக்குத் தெரிகிறதா, விழுந்தபின் விரல் வெகுதூரம் ஓடுகிறதா. முன் சைட்டுக்குப் பின்னால் ஒரு நாணயத்தை நிறுத்தி, விழாமல் இழுக்க முடிகிறதா என்று பார்ப்பேன். ஊரிலிருந்து வந்த ஒரு ரூபாய் ஒன்று என் கைப்பையில் இதற்காகவே கிடக்கிறது. பழைய பிஸ்டலில் அது பத்துக்கு ஒன்பது தடவை விழுந்தது. 22/45 லைட்டில் நாலு தடவை. ட்ரிக்கர் 2 கிலோவுக்குச் சற்று மேல் அளந்தது, எடைக்கு மூன்று மடங்கு. அமிர்தம் இல்லை, பரவாயில்லை.

இனி ரேஞ்ச். வாடகைக்குக் கிடைக்கும் அதே மாடலைச் சுடாமல் வாங்காதீர்கள். ஒரே பெட்டிக் குண்டோடு போகவும் போகாதீர்கள். ரிம்ஃபயர் பிஸ்டலுக்கு வாயில் ருசி உண்டு; ஒரு வகையைக் கடகடவென்று தின்னும், அடுத்ததைத் துப்பும். மூன்று வகையாவது எடுத்துச் செல்லுங்கள். மெதுவாகப் போகும் 40 கிரெய்ன் (சுமார் இரண்டரை கிராம்) குண்டு, சிசிஐ ஸ்டாண்டர்ட் போல, விநாடிக்கு 1,070 அடி என்று பெட்டியில் போட்டிருப்பது, ஒன்று. மினி மேக் போல 1,235 அடி வேகக் குண்டு ஒன்று. மொத்தமாக விற்கும் மலிவுப் பெட்டி ஒன்று. சுடப்போவது பெரும்பாலும் அதைத்தானே. பெட்டியில் போட்ட வேகம் நீளமான ரைபிள் குழலில் அளந்தது. கைத்துப்பாக்கியின் நாலு அங்குலக் குழலில் அவ்வளவு வராது. எடை குறைந்த ஸ்லைடு பின்னால் ஓடப் போதுமான தள்ளு மெதுவான குண்டில் வராமல் போகலாம் என்பதுதான் இங்கே சோதனை.

முதல் சுற்று உங்கள் கையை நம்பாதீர்கள். மேஜைமேல் மணல் மூட்டை வைத்து, அதன்மேல் பிடியை ஊன்றி, பத்து கெஜத்தில் ஒவ்வொரு வகையிலும் ஐந்து ஐந்தாக இரண்டு குழு (ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுட்ட ஐந்து ஓட்டைகள் ஒரு குழு). ஐந்தும் ஓர் எலுமிச்சம்பழத்துக்குள் அடங்கினால் எனக்குத் திருப்தி. ஆரஞ்சு அளவு விரிந்தால் வேறு குண்டு. எல்லாக் குண்டிலும் ஆரஞ்சுதான் என்றால் வேறு துப்பாக்கி. அதன்பிறகுதான் நின்றுகொண்டு, இரு கையால். உட்கார்ந்து வந்த குழுவுக்கும் நின்று வந்த குழுவுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுடையது, துப்பாக்கியுடையது அல்ல. என் வித்தியாசம் ரொம்பப் பெரியது என்று சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

நோட்டுப் புத்தகம் அவசியம். எத்தனை குண்டு, எது சிக்கியது, எப்படிச் சிக்கியது. "ஏம்மா, சனிக்கிழமையும் கணக்கெழுதணுமா?" என்று மகள் கேலி செய்வாள். அந்தக் கணக்குதான் அடுத்த துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது. வெற்றுக்கூடு வெளியே வராமல் புகைபோக்கி போல நட்டுக்கொண்டு நின்றால் குண்டு பலவீனமாயிருக்கலாம், உங்கள் மணிக்கட்டு தளர்வாயிருக்கலாம். இறுக்கிப் பிடித்து இன்னொரு மேகசின் சுட்டுப் பாருங்கள். ட்ரிக்கர் விழுந்தும் வெடிக்கவில்லையா, குழலை டார்கெட்டை நோக்கியே வைத்து முப்பது விநாடி காத்திருங்கள்; தாமதமாக வெடிப்பதும் உண்டு. பிறகு எடுத்து விளிம்பைப் பாருங்கள். ஊசித் தடம் ஆழமாக இருந்தால் குண்டின் கோளாறு. கீறல் மாதிரி மேலோட்டமாக இருந்தால் துப்பாக்கியை சந்தேகியுங்கள். மலிவுப் பெட்டியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு வெடிக்காமல் போவதை நான் மன்னிப்பேன். அதற்கு மேல் இல்லை.

மன்னிக்கவே கூடாத ஒன்று, வெடிச்சத்தம் "புஸ்" என்று அடங்கி வருவது. ஈயம் குழலுக்குள் நின்றுவிட்டிருக்கலாம். அடுத்த குண்டு சுடாமல் நிறுத்தி, காலி செய்து, மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள்.

சின்னக் குண்டுதானே என்று காது மூடி இல்லாமல் நிற்பவர்களைப் பார்க்கிறேன். பாயிண்ட் 22 பிஸ்டலின் சத்தமும் 140 டெசிபலைத் தாண்டும். கண்ணாடி, காது மூடி இரண்டும் வேண்டும். வெளியே வந்ததும் ஈயத் தூசி போகச் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வடையைத் தொடாதீர்கள்.

கடைசியாகக் கழற்றிப் பூட்டுவது. ரிம்ஃபயர் மாதிரி அழுக்கு சேர்க்கும் சாதி வேறில்லை, முந்நூறு குண்டுக்குள் உள்ளே கரி அப்பிவிடும். ரூகரின் முந்தைய மார்க் 3-ஐப் பிரித்துவிட்டுத் திரும்பப் பூட்ட முடியாமல் சாப்பாட்டு மேஜையில் அரைநாள் உட்கார்ந்தவர்கள் உண்டு. 2016-இல் வந்த மார்க் 4-இல் மேகசினைக் கழற்றி, காலி என்று உறுதி செய்து, போல்ட்டை ஒருமுறை இழுத்து விட்டு, சேஃப்டி போட்டு, பின்னால் இருக்கும் பொத்தானை அழுத்தினால் மேல்பாகம் மடங்கித் திறந்துகொள்ளும். கடைக்காரரைச் செய்து காட்டச் சொல்லி, பிறகு அவர் முன்னாலேயே நீங்கள் செய்யுங்கள். துப்பாக்கியோடு பூட்டுப் பெட்டியும் அன்றே வாங்கிவிடுங்கள். எங்கள் வீட்டில் சாவி இரண்டு, ஒன்று என்னிடம், ஒன்று வீட்டுக்காரரிடம்.

22/45 லைட்டை வாங்கிய பிறகு முதல் ஐந்நூறு குண்டுக்கு வேகக் குண்டையே கொடுத்தேன். நோட்டில் அந்த ஐந்நூறில் சிக்கியது ஆறு. அடுத்த ஐந்நூறில் இரண்டு. இப்போது மெதுவான குண்டையும் மறுக்காமல் வாங்கிக்கொள்கிறது. எலுமிச்சம்பழம் உட்கார்ந்து சுட்டால்தான். நின்று சுட்டால் இன்னும் சாத்துக்குடி.