குறுந்துடிப்பும் நெடுந்துடிப்பும் சேர்ந்து கண்ணாடியை அகழ்வது எப்படி?

சிங்கப்பூரின் பலதுறைத் தொழிற்கல்லூரி ஆய்வுக்கூடங்களில் முதன்முறை லேசரைத் தொடவிருக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நெடுந்துடிப்பு என்பது சில நானோவினாடி (ஒரு நானோவினாடி என்பது வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு) நீடிக்கும் லேசர் ஒளித்துடிப்பு; அதில் ஆற்றல் மிகுதி. ஆனால், எடுத்துக்காட்டாக, 10 நானோவினாடிக்குள் செம்பில் வெப்பம் சுமார் 1 மைக்ரோமீட்டர் பரவிவிடுவதால், குழியின் விளிம்பு உருகிப் புடைத்துவிடும். குறுந்துடிப்பு என்பது ஃபெம்டோவினாடி (நானோவினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவில் நீடிப்பது; அது விளிம்பைக் கூர்மையாக வைத்திருந்தாலும் ஒரு தடவைக்கு மிகச் சிறிதளவே அகழும். தூய சிலிக்காக் கண்ணாடியில் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகின்றன. நெடுந்துடிப்பின் 1064 நானோமீட்டர் அலைநீள ஒளித்துகளின் ஆற்றல் 1.17 எலக்ட்ரான்வோல்ட் மட்டுமே; சிலிக்காவின் ஆற்றல் இடைவெளியோ (அதில் கட்டுண்ட எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான ஆற்றல்) ஏறத்தாழ 9. ஆகவே நெடுந்துடிப்பு தனியாக வந்தால் கண்ணாடியை ஊடுருவிப் போய்விடும். செறிவு மிகுந்த குறுந்துடிப்பு பல ஒளித்துகள்களை ஒரே நேரத்தில் உட்கொள்ளச் செய்து எலக்ட்ரான்களை விடுவிக்கிறது. அந்த எலக்ட்ரான்களே நெடுந்துடிப்பின் ஆற்றலை வாங்கிக்கொள்கின்றன.

முதல் படி பாதுகாப்பு. நான்காம் வகை (மிக ஆபத்தான வகை) லேசருக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் தேவை. இரண்டு துடிப்புகளின் அலைநீளங்களையும் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடியை அணியுங்கள். ஒன்றை மட்டும் தடுப்பது போதாது. இரவில் குளிரூட்டியை நிறுத்தும் அறையில் லேசரின் குளிர்நீரை 20 டிகிரியில் ஓடவிடாதீர்கள். நம் ஊர்க் காற்றின் ஈரம் ஒளியியல் கருவிகளின்மேல் பனித்துவிடும்.

இரண்டாவதாக, இரு கற்றைகளையும் ஒரே வில்லையின் வழியே செலுத்தி, ஒரே புள்ளியில் விழச் செய்யுங்கள். அலைநீளங்கள் வேறானால் அவை குவியும் ஆழமும் வேறுபடும் என்பதால், இரண்டையும் தனித்தனியே அளந்து சரிசெய்ய வேண்டும்.

மூன்றாவது படியான நேரப் பொருத்தத்தில்தான் பொறுமை மிகுதியாகத் தேவை. குறுந்துடிப்பு, நெடுந்துடிப்பின் தொடக்கப் பகுதியில் விழ வேண்டும். பிந்தினால் நெடுந்துடிப்பின் முற்பகுதி வீணாகக் கடந்துவிடும்; முந்தினால், விடுபட்ட எலக்ட்ரான்கள் சிலிக்காவில் ஒரு பிக்கோவினாடிக்குள்ளேயே (நானோவினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு) மீண்டும் சிக்கிக்கொள்ளும். மாதிரி இருக்கும் இடத்தில் ஒரே ஒரு போட்டோடயோடை (ஒளியை மின்குறிப்பாக மாற்றும் உணரியை) வைத்து, இரண்டு துடிப்புகளையும் அதிலேயே பாருங்கள். இரண்டு போட்டோடயோடுகளை வைத்தால், மின்வடம் மீட்டருக்குச் சுமார் 5 நானோவினாடி தாமதம் சேர்ப்பதால், வடங்களின் நீள வேறுபாடே உங்களை ஏமாற்றிவிடும். ஒளி ஒரு நானோவினாடியில் 30 சென்டிமீட்டர் செல்வதால், ஒளியைத் திருப்பி அனுப்பும் ஆடியை 15 சென்டிமீட்டர் நகர்த்தினால் ஒரு நானோவினாடி மாறும்.

இனி நெடுந்துடிப்பை மட்டும் செலுத்தி, தடம் எதுவும் விழாத அளவுக்கு அதன் ஆற்றலைக் குறையுங்கள். அடுத்து குறுந்துடிப்பை மட்டும், பிறகு இரண்டையும் சேர்த்துச் செலுத்துங்கள். மூன்று இடங்களையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டு, சேர்த்துச் செலுத்திய குழி ஆழமாக உள்ளதா என்று பாருங்கள். கண்ணாடியின் பின்பக்கத்தையும் கட்டாயம் பாருங்கள்: நானோவினாடித் துடிப்பு முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைச் சிதைப்பதுண்டு. அங்கே தடம் தெரிந்தால் ஆற்றலை இன்னும் குறைத்து, புதிய இடத்தில் மறுபடி தொடங்குங்கள்.