பழைய சின்ன விமானத்துக்குப் புது பேனல்: முதுகுப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

பழைய இரண்டு சீட்டு, நான்கு சீட்டு விமானத்துக்குப் புது இன்ஸ்ட்ருமென்ட் பேனல் போடலாம் என்ற எண்ணம் வந்ததும் பெரும்பாலோர் கம்ப்யூட்டரைத் திறந்து ஒரு செவ்வகம் போட்டு, அதற்குள் வட்டங்களை அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஜாலியான வேலைதான். ஆனால் அந்தப் படத்தில் பாதி குப்பைக்குப் போகும், ஏனென்றால் எந்தக் கருவி எங்கே உட்காரும் என்பதைத் தீர்மானிப்பது தகட்டுக்குப் பின்னால் இருக்கும் இடமும் அங்கே ஓடும் குழாய், கேபிள், கம்பிகளும்தான். அதனால் வரைவதைத் தள்ளிப்போட்டுவிட்டு டார்ச், சின்னக் கண்ணாடி, அளவு நாடா, நோட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பேனலுக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்து படுங்கள்.

யோக் (ஸ்டீயரிங் மாதிரியான கட்டுப்பாட்டுக் கைப்பிடி) உள்ள விமானம் என்றால் அதை முழுக்க முன்னால் தள்ளி, அந்த நிலையிலேயே இடமும் வலமும் கடைசி வரை திருப்பச் சொல்லி ஒருவரை சீட்டில் உட்கார வையுங்கள். தண்டு எது வரை வருகிறது, சங்கிலியோ கேபிளோ எந்த வழியாகப் போகிறது என்பதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், அந்த இடமெல்லாம் உங்களுக்குக் கிடையாது. பைப்பர் ஜே-3 கப் மாதிரி விமானங்களில் பேனலுக்கு நேர் முன்னால் 12 கேலன் பெட்ரோல் டேங்க் உட்கார்ந்திருக்கிறது, அதில் ஆழமான கருவி எதற்குமே இடமில்லை. இன்னொன்று, கேட்டலாக்கில் ஆழம் என்று போட்டிருப்பது கருவியின் உடம்பு மட்டும்தான். அதன் பின்னால் குழாய் முனை, எல்போ, பிளக், வயர் மடங்கும் வளைவு எல்லாம் சேர்ந்து இன்னும் இரண்டு மூன்று அங்குலத்தைச் சாப்பிட்டுவிடும். ரேடியோ வகையறா இன்னும் மோசம், அகலம் ஏறத்தாழ 6¼ அங்குலம் என்று எல்லாமே ஒரே கணக்கில் இருக்கும், ஆனால் ஆழம் பலவற்றில் 10 அங்குலத்தைத் தாண்டும். அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்து எல்லாவற்றையும் ஃபோட்டோ எடுத்து வையுங்கள், பிறகு வரையும்போது நினைவை நம்ப வேண்டியிருக்காது.

படுத்திருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். பல பழைய விமானங்களில் பேனல் இரண்டு அடுக்கு: உடற்கூட்டோடு ரிவெட் அடித்த வெளிப் பலகை ஒன்று, அதன் நடுவே ரப்பர் மவுன்ட்டில் மிதக்கும் சின்னப் பலகை இன்னொன்று. கைரோவின் (வேகமாகச் சுழலும் சக்கரம் உள்ள கருவி) பேரிங்குகள் எஞ்சின் அதிர்வில் கெட்டுப்போகாமல் இருக்கத்தான் அந்த ரப்பர். மிதக்கும் பலகையைக் கழற்றிவிட்டு வேறு செய்து போடுவது ஒரு வேலை. வெளிப் பலகையில் ஓட்டை போடுவது முற்றிலும் வேறு வேலை. அது உடற்கூட்டின் விறைப்பைத் தாங்குகிறதா இல்லையா என்று தயாரிப்பாளரின் ஆவணத்தைப் பார்க்காமல் யாரும் ஊகிக்கக் கூடாது. என் அபிப்பிராயம், அசல் பலகையை வெட்டவே வெட்டாதீர்கள். கழற்றக்கூடியதாக இருந்தால் துணியில் சுற்றி எடுத்து வையுங்கள், என்றாவது விமானத்தை விற்கும்போது அதைத் தேடும் ஆள் நிச்சயம் வருவார்.

சரி, அடுத்தது காகிதம். எதையும் வாங்குவதற்கு முன்னால், கடைசியில் கையெழுத்துப் போடப்போகும் மெக்கானிக்கிடமோ இன்ஸ்பெக்டரிடமோ பேசுங்கள். விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டு விதிதான் செல்லும். அமெரிக்கப் பதிவு என்றால் அந்த நாட்டு விமானத் துறை ஆணையமான எஃப்.ஏ.ஏ.-யின் விதி 91.205 பகலில் கண்ணால் பார்த்துப் பறப்பதற்கான பட்டியலைத் தருகிறது: ஏர்ஸ்பீட் (வேகம்), ஆல்டிமீட்டர் (உயரம்), காம்பஸ், டேக்கோமீட்டர் (எஞ்சின் சுழலும் வேகம்), ஆயில் பிரஷர், ஆயில் டெம்பரேச்சர், ஒவ்வொரு டேங்குக்கும் எரிபொருள் மீட்டர், இப்படிக் கொஞ்சம்தான். அதற்கு மேல் உங்கள் மாடலின் டைப் சர்டிஃபிகேட்டில் (அந்த மாடலுக்கே கொடுத்த சான்றிதழ்) என்ன கேட்டிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். வீட்டிலேயே கட்டும் விமானங்களுக்காக விற்கும் டிஜிட்டல் கருவிகள் விலை குறைவாக, அழகாக இருக்கும். ஆனால் சான்றிதழ் பெற்ற விமானத்தில் அவற்றை அப்படியே மாட்ட முடியாது, உங்கள் மாடல் அந்தக் கருவியின் எஸ்.டி.சி. (மாற்றத்துக்கான கூடுதல் சான்றிதழ்) பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும்.

இப்போது நீங்கள் எப்படிப் பறக்கிறீர்கள் என்பதை நேர்மையாக எழுதுங்கள். வெயில் நேரத்தில் பக்கத்து ஊர் வரை போய் வருகிறவருக்கு செயற்கை அடிவானமும் (விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி) ஆட்டோபைலட்டும் எதற்கு? பழைய லேசான விமானத்தில் ஒவ்வொரு கிலோவும் பயணிக்கோ பெட்ரோலுக்கோ போக வேண்டிய கிலோ. ஒவ்வொரு கருவிக்கும் நேராக வைத்துக்கொள்ளலாம், பழுது பார்க்கலாம், மாற்றலாம், தூக்கிவிடலாம் என்று ஒரு முடிவை எழுதுங்கள். கடைசி வகையில் நிறைய சேர்ந்தால் நல்லது. காலி இடம் இருக்கிறதே என்பதற்காக எதையாவது வாங்கி நிரப்பும் ஆசைதான் இந்த வேலையில் பணத்தை அதிகம் கரைப்பது.

பழைய கருவிகளைக் கையில் எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து டயல்களில் இருட்டில் ஒளிரும் எண்கள் பலவற்றில் ரேடியம் கலந்த பெயின்ட். இப்போது ஒளிரவில்லையே என்று நினைக்காதீர்கள், தேய்ந்துபோனது பெயின்டில் இருக்கும் ஒளிரும் பொருள்தான். ரேடியத்தின் அரை ஆயுள் 1600 ஆண்டுகள், அது அப்படியே இருக்கிறது. கண்ணாடியைத் திறக்காதீர்கள், எண்களைச் சுரண்டாதீர்கள், உதிர்ந்த பொடி மூச்சில் போவதுதான் உண்மையான ஆபத்து. அந்த மாதிரி கருவியை அனுமதி உள்ள பழுதுபார்க்கும் கூடத்திடம்தான் விட வேண்டும், குப்பையிலும் போடக் கூடாது.

ஏர்ஸ்பீடை மாற்றுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 1970-களின் நடுப்பகுதி வரை வந்த சின்ன விமானங்கள் பலவற்றில் வேகம் மணிக்கு மைல் கணக்கில், கையேட்டில் உள்ள வரம்புகளும் அதே கணக்கில்தான் இருக்கும். புதுக் கருவி நாட் (மணிக்குக் கடல் மைல்) கணக்கில் வந்தால், ஸ்டால் வேகம் (இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் போகும் வேகம்) 45 என்று மனப்பாடமாக இருப்பவர் புது டயலில் 45-ஐப் பார்ப்பார், அதற்கு அர்த்தம் வேறு: 45 மைல் என்பது 39 நாட்தான். அந்தப் பக்கம் தவறினால் கொஞ்சம் வேகமாக வந்து இறங்குவீர்கள், ஆனால் உச்ச வரம்பை இதே மாதிரி குழப்பிக்கொண்டால் கதை வேறு. கையேட்டின் அலகிலேயே டயல் வாங்குவது நல்லது. பச்சை, மஞ்சள், வெள்ளை வளைவுகளும் சிவப்புக் கோடும் உங்கள் மாடலுக்கு உரியதாக இருக்கிறதா என்றும் சரிபாருங்கள்.

இப்போதுதான் வரையலாம். வட்டக் கருவிகள் பெரும்பாலும் இரண்டே அளவு, 3⅛ அங்குலமும் 2¼ அங்குலமும். பழைய வட்ட ஓட்டைக்குள்ளேயே உட்காரும் டிஜிட்டல் கருவிகளும் வந்துவிட்டன: கார்மின் ஜி5, ஜிஐ 275, யுஏவியானிக்ஸின் ஏவி-30 எல்லாம் 3⅛ அங்குல ஓட்டைக்கானவை, பழைய முகத்தைக் கெடுக்காமல் உள்ளே மட்டும் மாற்ற நினைப்பவர்களுக்கு இதுதான் வழி. அடுக்கும் முறை தெரிந்ததுதான்: செயற்கை அடிவானம் இருந்தால் நடுவில், இடப்பக்கம் ஏர்ஸ்பீட், வலப்பக்கம் ஆல்டிமீட்டர், கீழே திசை காட்டும் கருவி. செயற்கை அடிவானம் இல்லாத விமானத்தில் ஏர்ஸ்பீடும் ஆல்டிமீட்டரும் கண் முதலில் விழும் இடத்தில் இருந்தால் போதும்.

ஆனால் கண் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஜே-3 கப்பைத் தனியாக ஓட்டும்போது பின் சீட்டில் உட்கார்ந்துதான் ஓட்ட வேண்டும், அங்கிருந்து பேனல் தூரத்தில், சின்னதாகத் தெரியும். இன்னொருவர் முன்னால் இருந்தால் அவருடைய தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும். பொடி எழுத்து உள்ள சின்னத் திரை அங்கே வேலைக்கு ஆகாது. அதனால் படத்தை ஒன்றுக்கு ஒன்று அளவில் பிரின்ட் எடுத்து அட்டையில் ஒட்டி, நிஜ இடத்தில் பொருத்தி, வழக்கமான குஷனோடு சீட்டில் உட்காருங்கள். பெல்ட், தோள் பட்டை எல்லாம் இறுக்கிக்கொண்டு ஒவ்வொரு சுவிட்சையும் தொட்டுப் பாருங்கள். யோக்கின் கைப்பிடி எதை மறைக்கிறது, பெட்ரோல் வால்வு கைக்கு எட்டுகிறதா, காலை நீட்டும்போது முட்டி எதில் இடிக்கிறது என்று பாருங்கள். ஒரு வாரம் அந்த அட்டையை அங்கேயே விட்டுவைத்தால் தினமும் ஒரு குறை கண்ணில் படும். தகட்டை வெட்டிய பிறகு கண்டுபிடிப்பதைவிட இது எவ்வளவோ மலிவு.

மின்சாரக் கணக்கு எளிது, ஆனால் பலர் போடுவதில்லை. தொடர்ந்து இழுக்கும் எல்லாவற்றின் ஆம்பியரையும் கூட்டுங்கள், கூட்டல் ஜெனரேட்டர் திறனில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 20 ஆம்பியர் ஜெனரேட்டர் என்றால் உங்கள் கையில் 16 ஆம்பியர்தான். பழைய ஜெனரேட்டர் ஐடிலில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் தராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தரையில் டாக்சி பண்ணும்போது எல்லாம் பேட்டரியில்தான் ஓடும். 100 வாட் பழைய லேண்டிங் லைட் ஒன்றே 7, 8 ஆம்பியர் இழுக்கும், அதை எல்.இ.டி.-யாக மாற்றினால் மற்றவற்றுக்கு இடம் கிடைக்கும். சர்க்யூட் பிரேக்கர் வயரைக் காப்பாற்றத்தான், கருவியை அல்ல. 22 கேஜ் வயருக்கு 5 ஆம்பியர், 20 கேஜுக்கு 7.5, 18 கேஜுக்கு 10 என்பது வழக்கமான கணக்கு. வயர் விமானத்துக்கான டெஃப்செல் வகையாக இருக்கட்டும், பி.வி.சி. உறை எரிந்தால் அந்தச் சின்ன கேபினில் வரும் புகை தாங்காது.

காற்றில் ஓடும் கைரோக்களை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் 4.5 முதல் 5.5 அங்குலப் பாதரச அளவு உறிஞ்சல் தேவை. வெளியே வென்சுரி (காற்றோட்டத்தால் உறிஞ்சலை உண்டாக்கும் குழாய்) மாட்டிய விமானத்தில் வேகம் எடுத்த பிறகுதான் அது கிடைக்கும், ஈரமான குளிரில் அது உறைந்தும் போகலாம். சொந்த பேட்டரி உள்ள டிஜிட்டல் கருவிக்கு மாறி, எஸ்.டி.சி. அனுமதித்தால் உறிஞ்சும் பம்ப், குழாய், ஃபில்டர் எல்லாவற்றையும் கழற்றிவிடுவதே என் விருப்பம். ஆனால் எஞ்சினில் இருந்த எடை போனால் ஈர்ப்பு மையம் பின்னால் நகரும். அதனால் கழற்றும் ஒவ்வொன்றையும் தராசில் போட்டு, எடைக் கணக்கின் தொடக்கப் புள்ளியிலிருந்து அது இருந்த தூரத்தோடு சேர்த்து எழுதி வையுங்கள், மாட்டுவதையும் அப்படியே.

ஆயில் பிரஷர் மீட்டருக்கு எஞ்சினிலிருந்து நேராக ஆயிலே குழாயில் வரும் பழைய ஏற்பாடு இருந்தால், எஞ்சின் முனையில் நுண்துளைத் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள், அது இருந்தால் குழாய் அறுந்தாலும் ஆயில் மெதுவாகத்தான் கசியும். டேக்கோமீட்டர் கேபிளைக் கூர்மையாக மடக்காதீர்கள். புது டேக்கோமீட்டர் வாங்கினால் எஞ்சின் எந்தப் பக்கம் சுழற்றுகிறது, எந்த விகிதத்தில் என்று பார்த்து வாங்குங்கள்.

காம்பஸை எல்லாரும் கடைசியில்தான் நினைப்பார்கள், அது தப்பு. அதன் பக்கத்தில் இரும்பு ஸ்க்ரூ வேண்டாம், பித்தளையோ காந்தம் ஒட்டாத வேறு ஸ்க்ரூவோ போடுங்கள். மின்சாரம் போகும் வயரையும் திரும்பும் வயரையும் முறுக்கி ஒன்றாகக் கொண்டுபோங்கள். டிஜிட்டல் கருவிக்கான காந்த உணரியைப் பேனலுக்குப் பின்னால் வைக்கவே வைக்காதீர்கள். ஸ்டீல் குழாய் உடற்கூடு உள்ள விமானத்தில் அதற்கு இறக்கைதான் நல்ல இடம், அதற்கான வயரை இழுக்கும் வழியையும் இப்போதே யோசிக்க வேண்டும்.

தகடு பெரும்பாலும் 2024-டி3 அலுமினியம், 0.063 அங்குல கனம் சின்னப் பேனலுக்குப் போதும், கனமான ரேடியோக்கள் வந்தால் 0.090. வாட்டர்ஜெட்டிலோ சி.என்.சி.-யிலோ வெட்டக் கொடுக்கலாம். உள்மூலைகள் எல்லாம் வளைவாக இருக்கட்டும், கூர் மூலையிலிருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும். முதலில் மலிவான தகட்டில் ஒன்று வெட்டிப் பொருத்திப் பார்த்துவிட்டு அப்புறம் நல்ல தகட்டைக் கொடுங்கள். பெயின்ட் மேட் ஃபினிஷ், பளபளப்பு முன்கண்ணாடியில் பிரதிபலிக்கும். ஹெட்செட் ஜாக்குகளை இன்சுலேட்டிங் வாஷர் போட்டு மாட்டுங்கள், இல்லாவிட்டால் காதில் எஞ்சின் ஊளையிடும். வயரிங்கின் நடுவில் பெரிய பிளக் ஒன்று வைத்துவிட்டால் முழுப் பேனலையும் கழற்றி மேஜையில் வைத்து வேலை பார்க்கலாம், பின்னால் யாராவது உங்களை வாழ்த்துவார்கள்.

மாட்டி முடித்ததும் பிட்டோ, ஸ்டேட்டிக் குழாய்களில் (ஏர்ஸ்பீடுக்கும் ஆல்டிமீட்டருக்கும் வெளிக் காற்றழுத்தத்தைக் கொண்டுவருபவை) கசிவு சோதனை, யோக்கை எல்லா மூலைக்கும் தள்ளி மறுபடி ஒரு சோதனை. அடுத்து எஞ்சினும் ரேடியோவும் ஓடும் நிலையில் காம்பஸைத் திசை திசையாகத் திருப்பிப் பார்த்து புதுத் திருத்த அட்டை எழுத வேண்டும். புது எடைத் தாள், கருவிப் பட்டியல், கட்டாய எச்சரிக்கை லேபிள்கள், லாக் புத்தகக் குறிப்பு எல்லாம் கையெழுத்தாகி விமானத்துக்குள் வந்த பிறகுதான் முதல் பறப்பு. அதையும் ரன்வேயைச் சுற்றியே ஒரு வட்டமாக வைத்துக்கொண்டு, இறங்கியதும் பேனலுக்கு அடியில் டார்ச் அடித்து ஸ்க்ரூ, பிளக், குழாய் இணைப்புகளை ஒருமுறை பாருங்கள்.