இலக்கியப் பத்தி: மேற்கோளிலிருந்து தொடங்கிக் கற்றுக்கொடுப்பது எப்படி?

ஆங்கில வகுப்பில் ஒரு கதையைப் படித்து முடித்ததும் "இதைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்கள்" என்றால், பாதிப் பேர் கதைச் சுருக்கத்தைத்தான் எழுதித் தருவார்கள். மீதிப் பேர் ஒரு நீளமான மேற்கோளைப் பார்த்து எழுதி, "திஸ் கோட் ஷோஸ் தட் ஷீ இஸ் சேட்" (அவள் சோகமாக இருப்பதை இந்த மேற்கோள் காட்டுகிறது) என்று முடித்துவிடுவார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். சொல்வதற்கு ஒரு கருத்து உருவாகும் முன்பே அவர்களை எழுத உட்கார்த்திவிடுகிறோம்.

வழக்கமாக டாபிக் சென்டென்ஸில், அதாவது பத்தியின் மையக் கருத்தைச் சொல்லும் வாக்கியத்தில் ஆரம்பித்து மேலிருந்து கீழாகப் பாடம் நடக்கும். அந்த வரிசையை மாற்றுங்கள். முதலில் மேற்கோள், அடுத்து விளக்கம், அதற்குப் பிறகுதான் டாபிக் சென்டென்ஸ். வாசிப்பவருக்குக் கருத்து முதலில் வர வேண்டும் என்பது சரிதான். எழுதுபவருக்கு அது கடைசியில்தான் பிடிபடும். 40 நிமிடப் பீரியட் ஐந்து ஒதுக்கினால் முதல் பத்தியை நிதானமாக எழுத வைக்கலாம்.

எடுத்துக்கொள்ளும் பகுதி அரைப் பக்கம், மிஞ்சினால் ஒரு பக்கம். மாணவர்கள் ஏற்கெனவே படித்துப் புரிந்துகொண்டதாக இருக்கட்டும். கேள்வியைக் கவனமாக அமையுங்கள். "அம்மா ஏன் வருந்துகிறாள்?" என்று கேட்டால் கதைச் சுருக்கம்தான் வரும். "அவள் வருத்தத்தைக் கதாசிரியர் எப்படி உணர்த்துகிறார்?" என்று கேட்டால் சொற்களைத் தேடிப் போவார்கள்.

முதல் பீரியடில் ஆளுக்கு மூன்று மேற்கோள் எடுக்கட்டும். ஒவ்வொன்றும் 12 சொல்லுக்குள் இருக்க வேண்டும். இந்த வரம்பில் விட்டுக்கொடுக்காதீர்கள். நான்கு வரி மேற்கோளை எடுக்கும் மாணவர், அதில் எந்தச் சொல் முக்கியம் என்று தேர்ந்தெடுக்கும் வேலையைத் தவிர்க்கிறார்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது விளக்கத்துக்கு, இரண்டு பீரியடாவது. உதாரணமாக, மகன் வீட்டை விட்டுப் போன ஒரு கதையில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "தூசியே இல்லாத மேசையை அவள் மறுபடியும் துடைத்தாள்." இதைக் கரும்பலகையில் எழுதி இரண்டு கேள்வி கேளுங்கள். எந்தச் சொல்லை எடுத்துவிட்டால் வரி செத்துப்போகும்? அந்தச் சொல் நேரடியாகச் சொல்லாமல் எதை உணர்த்துகிறது? "தூசியே இல்லாத" என்பதை எடுத்துவிட்டால் அது வெறும் வீட்டு வேலை. அது இருப்பதால்தான், அவள் துடைப்பது சுத்தத்துக்காக அல்ல என்று தெரிகிறது. "மறுபடியும்" என்ற சொல், இது முதல் தடவை அல்ல என்கிறது. அப்படியானால் கைக்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். சும்மா இருந்தால் நினைப்பு வந்துவிடும். இருவர் இருவராக முதலில் இதை வாயால் பேசட்டும். பேச முடிந்த விளக்கம்தான் தாளில் வரும்.

பிறகு ஒரு மேற்கோளுக்குக் குறைந்தது இரண்டு வாக்கிய விளக்கம் எழுதச் சொல்லுங்கள். முதல் வாக்கியம் சொல்லைப் பற்றியது, இரண்டாவது அந்தச் சொல் பாத்திரத்தைப் பற்றிக் காட்டுவது. "ஷோஸ்" என்ற ஒரே வினைச்சொல்லில் சிக்கிக்கொள்ளாமல் இருக்க சஜெஸ்ட்ஸ், இம்ப்ளைஸ், ரிவீல்ஸ், எம்ஃபசைஸஸ் ஆகிய நான்கையும் சுவரில் ஒட்டிவைக்கலாம். ஆனால் இவற்றின் பொருள் ஒன்றல்ல. குறிப்பாக உணர்த்துவதற்கு முதல் இரண்டு, மறைந்திருந்ததை வெளிப்படுத்துவதற்கு ரிவீல்ஸ், அழுத்திச் சொல்வதற்கு எம்ஃபசைஸஸ். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் பட்டியலை மட்டும் கொடுத்தால் குருட்டாம்போக்கில் மாற்றி மாற்றிப் போடுவார்கள்.

இப்போது டாபிக் சென்டென்ஸ். எழுதிய விளக்கங்களைப் படித்து, அவை எல்லாம் சேர்ந்து எந்தக் கருத்தை நிறுவுகின்றன என்று கேளுங்கள். "அம்மா தன் துயரத்தை வீட்டு வேலைக்குள் ஒளித்துவைக்கிறாள்" என்பது கருத்து. "மகன் வீட்டை விட்டுப் போகிறான்" என்பது தகவல். சோதிப்பது எளிது: ஒருவர் இதை மறுத்துப் பேச முடியுமா? முடியாது என்றால் அது டாபிக் சென்டென்ஸ் ஆகாது. ஆசிரியர் பெயரும் படைப்பின் தலைப்பும் இதே வாக்கியத்தில் வந்துவிடட்டும்.

மேற்கோளைப் பத்திக்குள் பொருத்துவது தனித் திறமை. முன்னும் பின்னும் எதுவும் இல்லாமல் மேற்கோள் மட்டும் ஒரு வாக்கியமாகத் தொங்குவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. கதையில் எந்தக் கட்டம், யார் சொல்வது என்பதை முன்னால் ஒரு தொடரில் சொல்லிவிட்டு, மேற்கோளைத் தன் வாக்கியத்தோடு பின்ன வேண்டும். மேற்கோள் குறிகளை மறைத்துவிட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். இலக்கணம் இடறாமல் ஓடினால் சரியாகப் பொருந்தியிருக்கிறது. பக்க எண்ணை அடைப்புக்குறிக்குள் தருவதானால், மேற்கோள் குறி முடிந்தபின் எண், அதற்கும் பின்னால்தான் முற்றுப்புள்ளி.

காலமும் குழப்பும். கதைக்குள் நடப்பதை ஆங்கிலத்தில் நிகழ்காலத்தில் எழுதுவதே மரபு. கதை சொல்லும் பழக்கத்தில் மாணவர்கள் இறந்தகாலத்துக்கு நழுவுவார்கள். பாதியில் மாறுவதும் உண்டு. வினைச்சொற்களை மட்டும் வட்டமிட்டு ஒரு தடவை பார்க்கச் சொன்னால் அவர்களே பிடித்துவிடுவார்கள்.

முடிப்பு வாக்கியத்துக்கு அதிக நேரம் வேண்டாம். டாபிக் சென்டென்ஸையே வேறு சொற்களில் திருப்பி எழுதாமல், இந்தக் கருத்தால் கதையின் பொருள் எப்படி ஆழமாகிறது என்று ஒரு வரி போதும்.

இரண்டு மேற்கோள், எட்டிலிருந்து பத்து வாக்கியம், 150 முதல் 200 சொல் என்ற அளவு பொருத்தமாக இருக்கும். எழுதியதும் கதைத் தகவலுக்கு ஒரு நிறம், மேற்கோளுக்கு ஒரு நிறம், விளக்கத்துக்கு ஒரு நிறம் என்று கோடிடச் சொல்லுங்கள். விளக்க நிறம் பாதியளவுகூட இல்லை என்றால் எங்கே திருத்த வேண்டும் என்று நீங்கள் சொல்லத் தேவையே இல்லை.

திருத்தும்போது எல்லாப் பிழையையும் சிவப்பால் நிரப்பாதீர்கள். ஒரு தடவைக்கு ஒரே விஷயம். முதல் தடவை விளக்கம் மட்டும். புதிய தலைப்பு கொடுக்காமல் அதே பத்தியையே மீண்டும் எழுத வையுங்கள். மூன்று நான்கு பத்திகளுக்குப் பிறகு இந்த வரிசையையும் தளர்த்த வேண்டும். விளக்கத்தில் தொடங்கி நடுவில் மேற்கோளைக் கொண்டுவர முயலும் மாணவரை, சட்டகத்தை மீறிவிட்டார் என்று மதிப்பெண் குறைத்துத் தடுத்துவிடாதீர்கள்.