'ரிசீவ்': ஸ்பெல்லிங், அர்த்தம், பூர்வீகம் எல்லாம் ஆரம்பத்துல இருந்து

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடைங்க வரிசையா இருக்குல்ல, அதுல ஒரு கடையில எனாமல் தூக்கு வாங்கினா பில்லு கீழ ஊதா கலர்ல ஒரு சீல் குத்தித் தர்றாங்க, 'பேமெண்ட் ரிசீவ்ட்'னு. அந்த ரிசீவ்ட்ல சி-க்கு அடுத்து ஐ முதல்ல நிக்குது, ஈ அதுக்குப் பின்னாடி. மாறிப்போச்சு. அவங்களைக் குறை சொல்லவும் முடியாது, இங்கிலாந்துல பொறந்து வளந்தவங்களே அடிக்கடி தப்பு விடுற வார்த்தை இது. இன்னைக்கு இந்த ஒரே ஒரு வார்த்தையை எடுத்து அக்கு அக்கா பிரிச்சுப் பாத்துருவோம், ஏன்னா இது ஒண்ணு படிஞ்சா கூடவே பத்து வார்த்தை இலவசமா வந்துரும். நோட்டும் பேனாவும் எடுத்துக்கங்க, போன்ல டைப் பண்ணாதீங்க, அது தானாவே திருத்திரும்.

ஸ்டெப் 1: மூணா ஒடைங்க

ஆர்-ஈ. சி-ஈ-ஐ. வி-ஈ. மொத்தம் ஏழு எழுத்து, அதுல மூணு ஈ. முன்னாடியும் பின்னாடியும் யாரும் தப்பு பண்றதில்ல, சிக்கல் எல்லாம் நடுத்துண்டுலதான். அந்த 'சி-ஈ-ஐ'யை மட்டும் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுதுங்க.

இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல இதுக்கு ஒரு பழைய விதி சொல்லித் தருவாங்க: ஐ முன்னாடி ஈ பின்னாடி, ஆனா சி-க்கு அப்புறம் வந்தா தலைகீழ். நெடில் 'ஈ' சத்தம் வர்ற எடத்துக்கு மட்டும் இதை வச்சுக்கங்க. அப்பவும் முழுசா நம்பிறாதீங்க. 'ஸ்பீஷீஸ்'ல சி-க்கு அப்புறமே ஐ-தான் முதல்ல வரும், 'புரோட்டீன்'ல சி-யே கிடையாது, ஆனாலும் ஈ முந்திக்கும். நம்ம வார்த்தைக்கு விதி சரியா வேலை செய்யுது, அது போதும்.

ஸ்டெப் 2: பங்காளிகளைச் சேத்து எழுதுங்க

ரிசீவ், டிசீவ் (ஏமாத்துறது), பெர்சீவ் (உணர்றது), கன்சீவ் (கரு உண்டாகுறது, மனசுல ஒரு திட்டம் உருவாகுறதுக்கும் இதேதான்). நாலுக்கும் வால் ஒண்ணே, சி-ஈ-ஐ-வி-ஈ. இதைப் பெயர்ச்சொல்லா மாத்தினா ரிசப்ஷன், டிசப்ஷன், பெர்செப்ஷன், கன்செப்ஷன். கல்யாண ரிசப்ஷன் எங்க இருந்து வந்துச்சுன்னு இப்ப தெரிஞ்சிருக்கும்.

ஸ்டெப் 3: எங்க போடணும், எங்க போடக்கூடாது

இதுலதான் நிறைய பேர் வழுக்குறாங்க. ரிசீவ்னா ஒரு பொருள் நம்ம கைக்கு வந்து சேந்துச்சு, அவ்வளவுதான். நமக்குப் பிடிச்சுதா, ஒத்துக்கிட்டோமாங்கிறது வேற கதை. தேவகோட்டையில இருந்து ஒரு ஆச்சி கல்யாணப் பத்திரிகை அனுப்பிருக்காங்கன்னு வைங்க, அது தபால்ல வந்தாச்சு, ரிசீவ்ட். அன்னைக்கு வேற விசேஷம் இருக்கு ஆச்சி, வர முடியாதுன்னு போன் பண்ணிச் சொல்லிட்டீங்க, அப்ப நீங்க அதை 'அக்செப்ட்' பண்ணல. ஆபீஸ் லெட்டர்ல இந்த ரெண்டையும் மாத்திப் போட்டா வம்பு, 'உங்க கொட்டேஷனை ரிசீவ் பண்ணோம்'னா வந்துச்சுன்னு மட்டும்தான் அர்த்தம், 'அக்செப்ட்'னு போட்டா ஆர்டர் குடுத்த மாதிரி ஆயிரும்.

அடுத்து, நம்ம ஊர்ல 'பல்லவன்ல மாப்பிள்ளை வர்றாரு, ரிசீவ் பண்ண ஸ்டேஷனுக்குப் போறேன்'னு சொல்றோம்ல, தமிழ்ப் பேச்சுல அது நல்லாவே ஓடுது, நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனா இங்கிலீஷ்ல எழுதும்போது வண்டி எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வர்றதுக்கு 'பிக் அப்' இல்லன்னா 'மீட்'தான் சகஜமா வரும். வீட்டு முகப்புல நின்னு வாங்க வாங்கன்னு விருந்தாளியை வரவேற்கிறீங்க பாருங்க, அதுக்கு ரிசீவ் பொருந்தும்.

இன்னொண்ணு, 'டிட் நாட் ரிசீவ்ட்'னு எழுதாதீங்க. டிட் வந்துட்டா அதுலயே இறந்தகாலம் முடிஞ்சுபோச்சு, அப்புறம் வெறும் ரிசீவ்தான். யாருகிட்ட இருந்து வந்துச்சோ அவங்க பேருக்கு முன்னாடி 'ஃப்ரம்'.

ஸ்டெப் 4: பூர்வீகம்

லத்தீன்ல 'கபெரே'ன்னா பிடிக்கிறது, எடுக்குறது. அதுக்கு முன்னால 'ரீ' சேந்து 'ரெகிபெரே', அதாவது திரும்ப எடுத்துக்கிறது. 1066-ல பிரெஞ்சு பேசுற நார்மண்டிக்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்சதுக்கு அப்புறம் கோர்ட்டு, வரி, அரண்மனைன்னு எல்லா இடத்துலயும் பிரெஞ்சு வார்த்தைங்க பூந்துச்சு, அந்த வழியில வடக்குப் பிரெஞ்சுப் பேச்சுல இருந்த வடிவம் 1300 வாக்குல இங்கிலீஷுக்கு வந்து ரிசீவ் ஆச்சு. மேல சொன்ன 'அக்செப்ட்'டும் அதே கபெரேக்குப் பொறந்ததுதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சொந்தம் 'ரெசிப்பி'. லத்தீன்ல அது ஒரு கட்டளை, 'எடு!'ன்னு அர்த்தம். வைத்தியருங்க மருந்துச்சீட்டுல இதை எடு, அதை இவ்வளவு எடுன்னு ஆரம்பிப்பாங்க, இன்னைக்கும் டாக்டர் சீட்டு மேல ஆர் எழுத்து காலுல ஒரு கோடு கிழிச்ச மாதிரி குறி இருக்கும் பாருங்க, அது இந்த வார்த்தையோட சுருக்கம். மருந்துல இருந்து அப்புறம்தான் அடுப்படிக்கு வந்துச்சு. நம்ம வீட்டுப் பெரியவங்க வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு சொல்றதும் அப்படித்தான இருக்கு, 'ஒரு ஆழாக்கு பச்சரிசி எடு, அது மேலயே கோபுரமா உளுந்தை வை'.

அடுத்தது 'ரிசீட்', அதாவது பில்லுக்குத் தர்ற சீட்டு. இதுல ஒரு பி உக்காந்துருக்கும், ஆனா சத்தம் வராது, 'ரெசிப்ட்'னு வாசிக்காதீங்க. பழைய இங்கிலீஷ் எழுத்துல அந்த பி பெரும்பாலும் இல்ல, லத்தீன் மூலத்துல பி இருக்கே, நம்மளும் போடுவோம்னு படிச்சவங்க சேத்து விட்டது. கடனுக்குச் சொல்ற 'டெட்'ல ஒரு ஊமை பி (இது ஏ-க்கு அடுத்து வர்ற பி) இருக்கே, அதுவும் இதே கோளாறுதான். வேடிக்கை என்னன்னா டிசீட் (ஏமாத்து வேலை), கன்சீட் (தலைக்கனம்) ரெண்டும் இதே குடும்பம், அதுல மட்டும் பி நிலைக்கல.

நம்ம 'ரசீது' இதுல இருந்து வந்ததுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லவே இல்ல. அது பாரசீக 'ரசீத்', வந்து சேந்ததுன்னு அர்த்தம், உருது வழியா நமக்கு வந்தது. சத்தமும் வேலையும் ஒத்துப்போனது தற்செயல்.

ஸ்டெப் 5: ஒரு ரசீது எழுதிப் பாருங்க

ஆத்தங்குடி டைல்ஸுக்கு யாரோ அட்வான்ஸ் குடுத்ததா வச்சு, 'ரிசீவ்ட் வித் தேங்க்ஸ் ஃப்ரம்'னு ஆரம்பிச்சு பேரு, தொகை, தேதி போட்டு இங்கிலீஷ்லயே எழுதுங்க. தலைப்புல ரிசீட், உள்ள ரிசீவ்ட், ரெண்டுலயும் சி-ஈ-ஐ வந்துருக்கான்னு பாருங்க, தலைப்புல பி விட்டுப்போகாம.

எழுதி முடிச்சதும் 'அச்சீவ்'னு ஒரு தடவை எழுதுங்க. அதுலயும் சி இருக்கேன்னு ஈ-யை முன்னாடி போட்டுருவீங்க, போடாதீங்க. சி-க்கும் அந்த ஜோடிக்கும் நடுவுல ஒரு ஹெச் இருக்கு, அதனால அங்க ஐ-தான் முதல்ல. 'சீஃப்'புக்கும் அதே கணக்கு.