காலிங் பெல்லை மணிக்கட்டில் உணர: அதிர்வுக் கருவிகளை வீட்டில் பொருத்தும் முறை

காது சரியாகக் கேட்காதவர்களுக்கு, காது மிஷின் போட்டிருக்கும் நேரத்தில் காலிங் பெல் ஓரளவு கேட்டுவிடும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் மிஷினைக் கழற்றி வைத்துவிடுவார்கள். ஆபத்து அந்த நேரத்தில்தான். அதனால் கருவி வாங்குவதற்கு முன் ஒரு வாரம் கவனியுங்கள்: எந்தச் சத்தம் தவறிப்போகிறது, அப்போது காது கேட்காதவர் வீட்டில் எங்கே இருக்கிறார்?

கருவியில் இரண்டு பாகம். சத்தத்தைப் பிடித்து ரேடியோ அலையாக அனுப்புவது ட்ரான்ஸ்மிட்டர். கையில் கட்டியோ இடுப்பில் செருகியோ அதிர்வது ரிசீவர். இரண்டும் ஒரே அலைவரிசையில் இருக்க வேண்டும். 433 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் வாசல் பட்டனை 868 மெகாஹெர்ட்ஸ் ரிசீவரோடு எப்படியும் இணைக்க முடியாது. ஒரே நிறுவனத்தின் தொகுப்பாக வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

வாசலுக்குத் தனிப் பட்டன் வைப்பதே நல்லது. பழைய பெல்லின் சத்தத்தை மைக் வழியாகப் பிடிக்கும் வகை என்றால் பெல் பெட்டிக்கு மிக அருகில் ஒட்டி, அதன் உணர்திறனைக் குறைவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். அதிகமாக வைத்தால் டிவிக்கும் குக்கர் விசிலுக்கும் கை அதிரும். நான்கு முறை ஏமாந்தவர் ஐந்தாம் முறை எழுந்து போக மாட்டார். குழந்தை அழுகையைச் சொல்லும் ட்ரான்ஸ்மிட்டரைத் தொட்டிலுக்குள் போடாதீர்கள். ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி, குழந்தையின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பட்டை தொளதொளவென்று இருந்தால் அதிர்வு தோலுக்கு வராது. ரிசீவரின் அடிப்பாகம் தோலோடு படிந்திருக்க வேண்டும். மிக்சி மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்து அரைத்துப் பாருங்கள்: அந்தக் கையில் கட்டியிருந்தால் மிக்சியின் அதிர்வுக்குள் பெல்லின் அதிர்வு கரைந்துவிடும். மறு கைக்கு மாற்றுங்கள்.

தூரத்தைச் சோதிக்க ஒருவர் வாசலில் பட்டனை அழுத்த, மற்றவர் கருவியைக் கட்டிக்கொண்டு குளியலறை (கதவைச் சாத்தி), சமையலறை, மொட்டை மாடி என்று நடக்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் தூரம் திறந்தவெளிக்கானது. கான்கிரீட் சுவரும் இரும்பு பீரோவும் அதை வெகுவாகக் குறைக்கும். பட்டனை இரும்புக் கேட்டிலிருந்து மரச் சட்டத்துக்கு மாற்றினாலே சில வீடுகளில் சரியாகிவிடும். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு பெல்லுக்கு உங்கள் கை அதிர்ந்தால் சேனலை மாற்றுங்கள்.

இரவில் கை ரிசீவர் சார்ஜரில் இருக்கும். அப்போது வேலை செய்வது படுக்கை அதிர்வான், அதாவது படுக்கையில் வைத்து, அதிர்வால் தூங்குபவரை எழுப்பும் கருவி. தடித்த மெத்தைக்கு அடியில் வைத்தால் பஞ்சே அதிர்வைக் குடித்துவிடும். தலையணைக்கும் அதன் உறைக்கும் நடுவே வைத்து, ஒயரைக் கழுத்துப் பக்கம் வராமல் கட்டிலின் ஓரமாகக் கொண்டுபோங்கள். கரண்ட் போனாலும் ஓடும் பேட்டரி அதில் இருக்கிறதா என்று, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுப் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

புகை அலாரத்தைத் தொகுப்போடு கட்டாயம் சேருங்கள். சாதாரண புகை அலாரம் சுமார் 3,100 ஹெர்ட்ஸில் கீச்சிடும். வயதாகும்போது முதலில் போவது அந்த உயர்ந்த ஒலிதான். பேச்சு நன்றாகக் கேட்கிறவர்கூட அதைத் தவறவிட்டுத் தூங்குவார். 520 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலி எழுப்பும் வகை கிடைத்தால் அதை வாங்குங்கள். அப்போதும் படுக்கை அதிர்வானோடு இணைப்பு வேண்டும்.

ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் 2020 முதல் சத்தங்களை அடையாளம் காணும் வசதி உண்டு. அமைப்புகளில் ‘அணுகல்தன்மை’ பகுதியில் தேடுங்கள். ஸ்மார்ட் வாட்ச் இணைத்திருந்தால் அதுவும் அதிரும். கதவு தட்டுவதற்கும் தண்ணீர் ஓடுவதற்கும் இது நல்ல துணை. ஆனால் கேட்பது போனின் மைக்; போன் வேறு அறையில் இருந்தால் ஒன்றும் தெரியாது. தீ விஷயத்தில் இதை நம்பாதீர்கள், ஆப்பிளே அப்படித்தான் எச்சரிக்கிறது.

மாதம் ஒருமுறை புகை அலாரத்தின் சோதனைப் பட்டனை அழுத்துங்கள். பொருத்திய முதல் வாரத்தில் ஒரு தடவையாவது அவர் நன்றாகத் தூங்கும் நேரத்தில், முன்கூட்டியே சம்மதம் வாங்கிக்கொண்டு அழுத்துங்கள். எழவில்லை என்றால் அதிர்வானின் இடத்தை மாற்றி, மறுநாள் இரவும் சோதியுங்கள்.