நிதி ஆலோசகருக்குக் கட்டணம் கொடுக்கலாமா? முதலில் இப்போது எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள்

எம்ஆர்டி நிலைய வாசலில் மேசை போட்டு, பயணப்பெட்டியைப் பரிசாகக் காட்டி, "ஒரு சின்ன சர்வே, அஞ்சு நிமிஷம்தான்" என்று கூப்பிடுகிறவர் நிதி ஆலோசகர். வங்கியில் நிரந்தர வைப்பைப் புதுப்பிக்கப் போனால் தனியறைக்கு அழைத்துப் போகிறவரும், தீபாவளிச் சாப்பாடு முடிந்ததும் ஐபேடைத் திறக்கும் சொந்தக்காரரும் அதே தொழில்தான். இவர்களில் யாரும் உங்களிடம் கட்டணம் கேட்பதில்லை. அதனால்தான் கட்டணம் கேட்கும் ஆலோசகரைக் கண்டால் நமக்குத் திக்கென்கிறது. கேட்காதவருக்கு எவ்வளவு போகிறது என்பது தெரிந்தால்தான் கேட்பவரின் விலை அதிகமா குறைவா என்று சொல்ல முடியும். சிங்கப்பூரில் அது எழுத்திலேயே கிடைக்கிறது.

விலை எழுதியிருக்கும் பக்கம்

ஆயுள் காப்புறுதியோ, முதலீட்டுடன் இணைந்த காப்புறுதியான ஐஎல்பியோ பரிந்துரைக்கும்போது 'பெனிஃபிட் இல்லஸ்ட்ரேஷன்' என்ற பலன் விளக்கத்தையும் ஆலோசகர் தர வேண்டும். பல பக்கங்கள் இருக்கும். அவர் விரலால் தொட்டுக் காட்டுவது பெரும்பாலும் 65 வயதில் கிடைக்கும் பெரிய எண்ணைத்தான். நீங்கள் தேட வேண்டியவை வேறு.

முதலாவது, 'டோட்டல் டிஸ்ட்ரிபியூஷன் காஸ்ட்'. தரகும் விற்பனை தொடர்பான மற்றச் செலவுகளும் சேர்ந்த தொகை, ஆண்டுவாரியாகக் கூட்டிக்கொண்டே வரும். கடைசி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் 'இலவச' ஆலோசனையின் விலை. இது சந்தாவுக்கு மேல் தனியாகக் கட்டுவது இல்லை, சந்தாவுக்குள்ளேயே இருக்கிறது. முழு ஆயுள் திட்டங்களில் இது ஓராண்டுச் சந்தாவைத் தாண்டுவது சர்வசாதாரணம். மாதம் 400 வெள்ளி கட்டும் திட்டமென்றால் 4,800 வெள்ளிக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, 'எஃபெக்ட் ஆஃப் டிடக்‌ஷன்ஸ்'. நீங்கள் கட்டிய பணம் எந்தக் கழிவும் இல்லாமல் அதே விகிதத்தில் வளர்ந்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும், கழிவுகளால் எவ்வளவு குறைகிறது என்பது இதில் தெரியும். காப்புறுதிப் பாதுகாப்பின் செலவும் இதில் அடங்கியிருப்பதால் முழுவதையும் நஷ்டம் என்று எண்ண வேண்டாம். ஆனால் 20 ஆண்டு வரிசையில் இந்த எண்ணைப் பார்த்த பிறகு கேட்கும் கேள்விகள் மாறிவிடும்.

மூன்றாவது, சரண்டர் மதிப்பு, அதாவது திட்டத்தை இடையில் மூடினால் திரும்பக் கிடைக்கும் தொகை. 'உத்தரவாதம்' என்றிருக்கும் பத்தியை மட்டும் பாருங்கள். கட்டிய மொத்தச் சந்தாவை அது எந்த ஆண்டில் எட்டுகிறது என்று வட்டமிடுங்கள். முதல் ஓரிரு ஆண்டுகளில் பூஜ்யம் இருக்கும். பல திட்டங்களில் 15 ஆண்டுக்கு அப்பால்தான் எட்டும். சிலவற்றில் எட்டவே எட்டாது. வேலை அனுமதியில் இருந்துகொண்டு ஐந்தாறு ஆண்டுகளில் ஊருக்குத் திரும்பும் எண்ணம் உள்ளவர்கள் இந்த ஒரு பத்தியைப் பார்த்தாலே பாதி முடிவு ஆகிவிடும்.

போனஸ் உள்ள திட்டங்களில் ஆண்டுக்கு 4.25 விழுக்காடு, 3 விழுக்காடு என்று அதிகபட்சம் இரு விகிதங்களிலும், ஐஎல்பியில் 8, 4 என்ற விகிதங்களிலும் காட்டுவார்கள். இரண்டுமே உதாரணக் கணக்குகள், வாக்குறுதிகள் இல்லை. கீழ் விகிதத்தில் பார்த்தும் திட்டம் பிடித்திருந்தால் மேலே பேசுங்கள்.

தரகு எப்போது கைக்கு வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2016 முதல் உள்ள விதிப்படி, வழக்கமான சந்தா கட்டும் ஆயுள் காப்புறுதியில் மொத்தத் தரகில் 55 விழுக்காட்டுக்கு மேல் முதல் ஆண்டில் தரக்கூடாது. மீதியைக் குறைந்தது 6 ஆண்டுகளுக்கு, அல்லது சந்தா கட்டும் காலம் அதைவிடக் குறைவென்றால் அந்தக் காலத்துக்குப் பரப்ப வேண்டும். ஏழாம் எட்டாம் ஆண்டில், "அண்ணே, உங்க பழைய பாலிசியைவிட நல்லது ஒண்ணு வந்திருக்கு" என்று அழைப்பு வந்தால் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பழையதை மூடிப் புதியது எடுத்தால் விற்பனைச் செலவை மறுபடி முதலிலிருந்து கட்டுகிறீர்கள். இடையில் வந்த நீரிழிவோ ரத்தக்கொதிப்போ புதிய பாலிசியில் 'முன்பே இருந்த நோய்' ஆகிவிடும்.

பலரின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் யூனிட் டிரஸ்ட்டில் விலை வேறு இடங்களில் ஒளிந்திருக்கும்: வாங்கும்போது விற்பனைக் கட்டணம், பிறகு ஆண்டுதோறும் நிதி நிர்வாகக் கட்டணத்திலிருந்து விற்றவருக்குப் போகும் 'டிரெய்லர்'. மத்திய சேம நிதிப் பணத்தில் வாங்கினால் 2020 அக்டோபர் முதல் விற்பனைக் கட்டணம் வாங்கவே கூடாது. ஆலோசனைக்கும் கணக்குப் பராமரிப்புக்கும் ஆண்டுதோறும் வாங்கும் 'ராப்' கட்டணத்துக்கு 0.4 விழுக்காடு உச்சவரம்பு.

விழுக்காடு சின்னதாகத்தான் தெரியும்

மாதம் 500 வெள்ளி, 25 ஆண்டுகள். கையிலிருந்து போவது 150,000 வெள்ளி. செலவுக்கு முன் ஆண்டுக்கு 6 விழுக்காடு வளர்கிறது என்று வையுங்கள். மொத்தச் செலவு அரை விழுக்காடு என்றால் முடிவில் சுமார் 321,000 வெள்ளி. செலவு 2 விழுக்காடு என்றால் சுமார் 257,000. வித்தியாசம் 64,000 வெள்ளி. ஐஎல்பியில் நிர்வாகக் கட்டணம், உள்ளேயிருக்கும் நிதியின் கட்டணம் என்று அடுக்கினால் 2 விழுக்காட்டைத் தொடுவது அதிசயமில்லை. 'வெல்கம் போனஸ்' என்று ஆரம்பத்தில் போடும் யூனிட்டுகளைக் காட்டி இதை மறக்கடிப்பார்கள். சில ஆண்டுகள் கழித்துச் சந்தாவை நிறுத்தினால் என்ன கட்டணம் என்று கேளுங்கள், பதில் அந்த ஆவணத்திலேயே இருக்கும்.

காசு கொடுக்கத் தேவையில்லாதவை

மாதச் சம்பளம், வீவக வீடு, பிள்ளைகள், சேம நிதி என்ற வழக்கமான நிலைமைக்கு அடிப்படைத் திட்டம் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அரசின் நிதிக் கல்வித் தளமான மணிசென்ஸின் அடிப்படை நிதித் திட்டமிடல் வழிகாட்டி சொல்வது: 3 முதல் 6 மாதச் செலவு அவசர நிதி, மரணம், நிரந்தர ஊனத்துக்கு ஆண்டு வருமானத்தைப்போல் 9 மடங்கு காப்பு, கடும் நோய்க்கு 4 மடங்கு, காப்புறுதிக்கு வருமானத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, கையில் வரும் சம்பளத்தில் குறைந்தது 10 விழுக்காடு முதலீடு.

ஆண்டு வருமானம் 60,000 வெள்ளி உள்ளவருக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். மரணக் காப்பு 540,000 வேண்டும். குடிமக்கள், நிரந்தரவாசிகளுக்குச் சேம நிதி வழியாக வரும் சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டத்தில் 60 வயதுவரை 70,000 இருக்கிறது. இருக்கிறதா, இடையில் நின்றுவிட்டதா என்று சரிபாருங்கள். மீதி 470,000. ஆயுள் காப்புறுதி நிறுவனங்கள் தரகில்லாமல் விற்கும் நேரடிக் கொள்முதல் காப்புறுதி, அதாவது டிபிஐ, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் காப்புத் தரும் டெர்ம் வகையில் ஒரு நிறுவனத்திடம் அதிகபட்சம் 400,000 வெள்ளி எடுக்கலாம். எஞ்சிய 70,000-ஐ இன்னொரு நிறுவனத்திடம் எடுக்கலாம். கம்பேர்ஃபர்ஸ்ட் தளத்தில் வயது, பாலினம், புகைப்பழக்கம், காலம் ஆகியவற்றைக் கொடுத்தால் நிறுவனவாரியாகச் சந்தா வரிசையாக வரும். தேசிய சேவை செய்தவரானால் தற்காப்பு, உள்துறை அமைச்சுகளின் குழுக் காப்புறுதியின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனைவி, பிள்ளைகளையும் அதில் சேர்க்கலாம்.

சிதறிக் கிடக்கும் கணக்குகளை ஒன்றாகப் பார்க்கவும் ஆள் வேண்டியதில்லை. அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் வழியாக எஸ்ஜிஃபின்டெக்ஸ் சேவை வங்கி, சேம நிதி, வீட்டுக் கடன், வரி, காப்புறுதி எல்லாவற்றையும் ஒரே திரையில் கொண்டுவரும். முதலீட்டுக்குத் துணியாத பணத்துக்குச் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரம் இருக்கிறது: 500 வெள்ளியில் தொடங்கலாம், எந்த மாதமும் அபராதமில்லாமல் எடுக்கலாம், கட்டணம் 2 வெள்ளி. 55 வயதை நெருங்குகிறவர்கள் சேம நிதிக் கழகத்தின் ஓய்வுக்காலத் திட்டமிடல் சேவையை முதலில் பயன்படுத்துங்கள். அங்கே விற்பதற்கு எதுவும் இல்லை.

கட்டணம் தகும் இடங்கள்

உடலில் ஏற்கெனவே நோய் இருந்தால் தனியாக டிபிஐ விண்ணப்பம் போடுவது ஆபத்து. ஒரு நிறுவனம் மறுத்தால், "உங்கள் விண்ணப்பம் எப்போதாவது நிராகரிக்கப்பட்டதா?" என்று அடுத்த படிவம் கேட்கும். பல நிறுவனங்களோடு வேலை செய்யும் ஆலோசகர், முறையாக விண்ணப்பிக்கும் முன்பே உங்கள் மருத்துவ அறிக்கையைப் பெயரில்லாமல் காட்டி யார் ஏற்பார்கள், சந்தா எவ்வளவு கூடும் என்று விசாரிக்க முடியும். தரகு வாங்கும் ஆலோசகரானாலும் இந்த வேலைக்கு அந்தத் தரகு நியாயமான கூலி.

இரு நாட்டுக் கணக்கு உள்ளவர்களும் யோசிக்கலாம். இந்தியாவில் சொத்து, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ வங்கிக் கணக்கு, இங்கே வரிச்சலுகையுள்ள ஓய்வுக்காலச் சேமிப்பான எஸ்ஆர்எஸ், திரும்பிப் போகும் ஆண்டு என்று சிக்கல் கூடும்போது எதை முதலில் செய்வது என்பதில் ஒரு தவறு நேர்ந்தால் ஆலோசனைக் கட்டணத்தைவிடப் பல மடங்கு வரியாகப் போகும். ஆனால் இந்தக் கேள்விக்கு வரி ஆலோசகரே பொருத்தம். பெரும்பாலான நிதி ஆலோசகர்கள் இந்திய வரியைத் தொடமாட்டார்கள், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சிறப்புத் தேவையுள்ள பிள்ளை, மறுமணக் குடும்பம், சொந்தத் தொழிலை விற்பது, திடீரென்று கைக்கு வந்த பெருந்தொகை, இவையும் இந்த வகைதான். இன்னொரு வகை உண்டு: எல்லாம் தெரியும், ஆனால் சந்தை விழுந்ததும் விற்றுவிடுவார்கள். அப்படிப்பட்டவருக்கு ஆண்டுக் கட்டணம் வீணில்லை.

எப்படிக் கட்டுவது? முடிந்தால் ஒருமுறைக் கட்டணம். 300,000 வெள்ளியை ஆண்டுக்கு 1 விழுக்காட்டில் ஒப்படைத்தால் முதல் ஆண்டே 3,000 வெள்ளி போகும், பிறகு ஒவ்வோர் ஆண்டும். அதே தொகைக்கு ஒரு முழுத் திட்டத்தை எழுதி வாங்கி, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபார்வை செய்துகொள்ளலாம். கேட்ட கட்டணத்தோடு ஜிஎஸ்டி சேர்கிறதா என்றும் கேளுங்கள்.

பெயர்களில் ஏமாற வேண்டாம். 'ஃபீ-ஒன்லி' என்றால் உங்களிடம் மட்டும் வாங்குகிறவர். 'ஃபீ-பேஸ்டு' என்றால் உங்களிடமும் வாங்கி, நிறுவனத்திடம் தரகும் வாங்கக்கூடும். பத்து நிறுவனங்களின் திட்டங்களை விற்பதாலேயே ஒருவர் 'இண்டிபெண்டன்ட்' ஆகிவிடமாட்டார். தரகு வாங்குகிறவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்த விதிகள் இடம் தருவதில்லை. எழுத்தில் கேட்க வேண்டியது ஒன்றே: "இந்தப் பரிந்துரையை நான் ஏற்றால் உங்களுக்கும் உங்கள் நிறுவனத்துக்கும் யாரிடமிருந்து, எவ்வளவு வரும்?" வாட்ஸ்அப்பில் பதில் வந்தாலும் போதும், சேமித்து வையுங்கள்.

கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

ஆலோசகரின் பெயரைச் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் பிரதிநிதிகள் பதிவேட்டில் தேடுங்கள். எந்த நிறுவனத்துக்காக, எந்த வகை ஆலோசனை தர அனுமதி இருக்கிறது என்று காட்டும். பெயர் இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதைக் கவனியுங்கள். வயது 62 அல்லது அதற்கு மேல், ஆங்கிலம் பேசவோ எழுதவோ சரளமில்லை, படிப்பு 'ஓ' அல்லது 'என்' நிலைக்குக் கீழ் என்ற மூன்றில் ஏதேனும் இரண்டு பொருந்தினால் அவர் 'செலக்டட் கிளையண்ட்'. நம்பகமான ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம். விற்பனை முடியும் முன் மேலாளர் அழைத்துச் சரிபார்க்கவும் வேண்டும். இது எங்கே கெடுகிறது தெரியுமா? படிவத்தில் 'ஆங்கிலம் தெரியும்' என்ற கட்டமும் 'துணை வேண்டாம்' என்ற கட்டமும் பேச்சுவாக்கில் டிக் செய்யப்படும். அம்மா கையெழுத்திட்ட தகவல் படிவத்தின் நகலை வாங்கி அந்த இரண்டு கட்டங்களையும் பாருங்கள்.

தெரிந்தவர் விற்கும்போது மறுப்பது நமக்குக் கஷ்டம். "பலன் விளக்கத்தை அனுப்புங்க மாமா, ரெண்டு வாரத்துல சொல்றேன்" என்பது போதும். நல்ல திட்டம் இரண்டு வாரத்தில் ஓடிப்போகாது.

ஆயுள் பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாள்கள் 'ஃப்ரீ லுக்'. அதற்குள் எழுத்தில் ரத்து செய்தால் சந்தா திரும்ப வரும்; மருத்துவப் பரிசோதனைச் செலவைக் கழிக்கலாம், ஐஎல்பியில் சந்தை இறக்கமும் கழியும். யூனிட் டிரஸ்ட்டுக்கு 7 நாள்கள். ஆலோசகரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுக் காத்திருக்காதீர்கள், நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். காலம் கடந்த பிறகு தவறாக விற்கப்பட்டது தெரிந்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார், பதில் திருப்தியில்லையென்றால் நிதித்துறைப் பூசல்களைத் தீர்த்துவைக்கும் ஃபிட்ரெக் நிலையம். நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த 6 மாதத்துக்குள் அங்கே போக வேண்டும்.