ஆசிரியரின் மனநிலையைக் கேட்கும் வினாக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐ.ஐ.எம். போன்ற மேலாண்மைக் கல்லூரிகளில் சேர்வதற்கான கேட் (CAT) தேர்வின் ஆங்கிலப் பகுதியில் அண்மை ஆண்டுகளில் 40 நிமிடங்களுக்கு 24 வினாக்கள் வருகின்றன. அவற்றில் 16 வினாக்கள் உரைப்பகுதியைப் படித்து விடையளிக்க வேண்டியவை. சரியான விடைக்கு 3 மதிப்பெண், கொள்குறி வினாவில் தவறினால் 1 மதிப்பெண் குறைப்பு. உரை நன்றாகப் புரிந்தவர்கள்கூட, ஆசிரியரின் மனநிலை என்ன என்று கேட்கும்போது சறுக்குகிறார்கள்.

பெரும்பாலும் காரணம், பேசுவது யார் என்று பார்க்காமல் படிப்பதுதான். தேர்வில் வரக்கூடிய ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொல்வதானால்: “பெரிய அணைகள் வெள்ளத்தை முற்றிலும் தடுத்துவிடும் எனப் பொறியாளர்கள் நம்பினர், அந்த நம்பிக்கை ஆதாரமற்றது அன்று, எனினும் நீர்த்தேக்கத்தில் படியும் வண்டலை அவர்கள் கணக்கில் கொண்டதாகத் தெரியவில்லை.” நம்பிக்கை பொறியாளர்களுடையது, முதல் காற்புள்ளிக்குப் பிறகுதான் ஆசிரியர் வாய் திறக்கிறார். ‘ஆதாரமற்றது அன்று’ என்று பாதி ஒப்புக்கொண்டு, ‘எனினும்’ என்று திரும்பி, ‘தெரியவில்லை’ என்று நிதானமாகக் குறை சொல்கிறார். அணைகளை ஆதரிக்கிறார் என்று குறிப்பவர் பொறியாளர்களின் கருத்தை ஆசிரியரின் தலையில் கட்டுகிறார்; கடுமையாகக் கண்டிக்கிறார் என்று குறிப்பவர் அந்த ஒப்புதலைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார். ஆங்கில உரையில் ‘எனினும்’ என்ற பொருள் தரும் ‘யெட்’ (yet), ‘ஹவெவர்’ (however) ஆகியவற்றை எல்லோரும் கோடிட்டுவிடுவார்கள். ‘மியர்லி’ (merely, வெறுமனே), ‘சப்போஸெட்லி’ (supposedly, அப்படிச் சொல்லப்படுகிற) போன்ற, ஏளனத்தை ஒளித்து வைத்திருக்கும் சொற்களைத்தான் கண்கள் நழுவவிடுகின்றன.

பஞ்சத்தைப் பற்றிய உரை என்றாலே ஆசிரியர் துயரப்படுகிறார் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. புள்ளிவிவரத்தை அடுக்கி அவர் வெறும் ஆய்வு நோக்கில் எழுதியிருக்கலாம். நமக்குப் பிடித்த பொருள் வந்துவிட்டால் இந்த ஆபத்து இரட்டிப்பாகும்.

விடைத் தெரிவுகளில் ‘ஆம்பிவலன்ட்’ (ambivalent) என்பதையும் ‘இன்டிஃபரன்ட்’ (indifferent) என்பதையும் ஒன்றாகக் கொள்பவர்கள் பலர். முன்னது இரு பக்கமும் இழுபடும் மனம். பின்னது அக்கறையே இல்லாத மனம். அக்கறை இல்லாதவர் அத்தனை பத்திகள் எழுதுவது அரிது.

‘கடுமையான சொல் இருந்தால் அந்தத் தெரிவை நீக்கிவிடு’ என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரும் விதியை நான் முழுதாக நம்புவதில்லை. பெரும்பாலான உரைகளுக்கு அது பொருந்தும். ஆனால் எதிர்த்தரப்பின் வாதத்தை ஆசிரியரே ‘அபத்தம்’ என்று எழுதியிருக்கும்போது, மென்மையான விடையைத் தேடுவதுதான் பிழை. ‘தயக்கத்துடன் கூடிய பாராட்டு’ என்பதுபோல் இரு உணர்வுகள் சேர்ந்த தெரிவில், பாராட்டுக்கு ஒரு வரி கிடைத்ததும் நின்றுவிடாமல் தயக்கத்துக்கும் ஒரு வரியை உரையில் காட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.